வைட்டமின் ஈ மாத்திரை போடலாமா?

கேள்வி: டாக்டர், வயது 52. எட்டு வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்கால் மதமதப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று ரத்தத்தில் வைட்டமின் ஈ பார்த்தேன். லிட்டருக்கு 9 மில்லிகிராம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 410. மாத்திரை போடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5.5 முதல் 17 வரை இயல்பு. உங்கள் 9 அதற்குள்தான். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. வைட்டமின் ஈ ரத்தத்தில் கொழுப்பின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்யும். உங்கள் டிரைகிளிசரைடு போலக் கொழுப்பு கூடினால் இதுவும் கூடியதாகத் தெரியும். அதனால்தான் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, மொத்தக் கொழுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்போம். காலை இட்லிக்கு அப்புறம் கொடுத்திருந்தால் கணக்கே வேறு.

உண்மையான குறைபாடு அபூர்வம். புதுச்சேரியில் என்னிடம் ஒருவர் வந்தார். நாள்பட்ட கணைய நோய், மலத்தில் எண்ணெய் மிதக்கும். கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் அசைவே இல்லை. பெரும்பாலும் கொழுப்பு சீரணமாகாதவர்களுக்குத்தான் இப்படி வரும்.

உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையென்றால், மதமதப்புக்குச் சர்க்கரையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் வைட்டமின் பி12-ஐயும் பாருங்கள். ஈ மாத்திரை சும்மா போடும் சமாசாரம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவே வரலாம். வேர்க்கடலை மாதிரி சாப்பாட்டில் கிடைப்பதே போதும்.

சரி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள்? அது பி12-ஐக் குறைக்கும், அதை எழுதவே இல்லையே!