முதலில் பிறந்த தேதியை எழுதுங்கள்: படைப்பணி, பட்டம், விமானி வாய்ப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே திட்டத்தைப் பேசுகின்றன: அக்னிவீர் வாயுவாக (நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரராக) விமானப்படையில் சேர்ந்து, பணியில் இருந்தபடியே பட்டம் வாங்கி, அதன்பின் விமானி ஆவது. அது முடியாத காரியம் அல்ல. ஆனால் அதற்கு வயது வரம்பு விடும் இடைவெளி மிகக் குறுகியது; அதைக் கணக்கிட்டுப் பார்த்தவராகக் கடிதம் எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு வயது 20 வருடம் 3 மாதம். அக்னிவீர் வாயு தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். நான்கு ஆண்டுகளில் பட்டம் முடித்து, விமானப்படை அதிகாரித் தேர்வான ஏஎஃப்கேட் எழுதிப் பறக்கும் பிரிவுக்குப் போகலாமா? (விருதுநகர்)

போக முடியாது. நீங்கள் வெளியே வரும்போது 24 வயது தாண்டியிருக்கும். பறக்கும் பிரிவுக்கான வயது 20 முதல் 24 வரைதான். அந்த வயதும் தேர்வு எழுதும் நாளில் அல்ல, பயிற்சி தொடங்கும் நாளில் கணக்கிடப்படுகிறது. தேர்வுக்கும் பயிற்சித் தொடக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓடிவிடுவதால், 23 வயதுக்குள் தேர்வை எழுதியிருக்க வேண்டும் என்பதே நடைமுறைக் கணக்கு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) வழங்கிய வணிக விமானி உரிமம் கையில் இருந்தால் மட்டும் 26 வரை சலுகை உண்டு. தரைப்பணிப் பிரிவுகளுக்கும் 26 வரை இடம் இருக்கிறது. அதிகாரியாவது போதும் என்றால் அதை யோசியுங்கள். விமானியாவதுதான் குறிக்கோள் என்றால், இந்த வேலையை ஏற்பதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இடையில் விலகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; நான்கு ஆண்டுகள் முடியும் முன் சொந்த விருப்பத்தில் விடுவிப்பது மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே நடக்கும்.

பதினேழரை வயதில் சேர்ந்தால் கணக்கு சரியாக வருமா? (தேனி)

ஓரளவு வரும். இருபத்தொன்றரை வயதில் வெளியே வருவீர்கள்; அதன்பின் ஒன்றரை ஆண்டில் ஏஎஃப்கேட் மூன்று முறையும், முப்படை அதிகாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு மூன்று முறையும் எழுத இடம் இருக்கும். அதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். முதல் ஆண்டைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அடிப்படைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் முடிந்து ஒரு யூனிட்டில் நிலைகொள்வதற்குள் அது போய்விடும். அதன்பின் இரவுப்பணி, காவல்பணி, விடுப்பு கிடைக்காத தேர்வு நாள் எல்லாம் வரிசையாக வரும். அக்னிவீரர்களுக்கென்று இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் மூன்றாண்டுத் திறன்சார் பட்டத்தில் பாதி கிரெடிட் பணிப் பயிற்சிக்கே கிடைத்துவிடுவதால் சுமை குறைவு. ஆனால் ஏஎஃப்கேட்டுக்குப் பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். தேர்ச்சி பெற்றால் போதும் என்று படித்தவர் கடைசியில் 54 சதவீதத்தோடு நிற்பார்.

பையன் பிளஸ் டூ கணித-உயிரியல் பிரிவு, வயது 17. விமானப்படையில் ஏர்மேனா (அதிகாரி அல்லாத வீரரா), கல்லூரியா? (பாளையங்கோட்டை)

இரண்டுக்கும் முன்னால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதச் சொல்லுங்கள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும் நாளில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பிளஸ் டூவில் இருக்க வேண்டும். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் மூன்று ஆண்டுகள் படித்து ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பறக்கும் பயிற்சிக்குப் போவார்கள். படிப்புச் செலவு அரசுடையது. படையா, பட்டமா என்று தவிக்கிற வீட்டுக்கு இரண்டையும் ஒன்றாகத் தருகிற வழி இதுதான். இருந்தும் நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பிறகுதான் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

சார், நான் பைலட் ஆக வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

வயது இல்லை, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு என்பது இல்லை, ஊர்கூட இல்லை. பிறந்த தேதியையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

உயரம் 160 செ.மீ. சலுகை உண்டா? (நாமக்கல்)

பறக்கும் பிரிவுக்கு 162.5 செ.மீ. வேண்டும், தமிழ்நாட்டுக்காரருக்குச் சலுகை இல்லை. கால் நீளமும் உட்கார்ந்த நிலையில் உயரமும் தனியாக அளக்கப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பணியில் இருந்தபடி படிக்க நேரம் இல்லை. ஒரே வருடத்தில் மூன்றாண்டுப் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. 45,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? (வேலூர்)

வாங்கக் கூடாது. இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒவ்வொரு முறையும் இதையே எழுதுகிறேன். அடுத்த முறையும் வரும்.

விமானப்படையின் கல்விப் பிரிவில் நான் இருந்த நாட்களில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் அதிகாரித் தேர்வுக்கான விண்ணப்பத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று மதிப்பெண் பட்டியல்கள், பெயர் கேள்விப்பட்டிராத ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளுக்குரியவை. ஆனால் ஒரே தாள், ஒரே மை, வரிசை எண்கள் மூன்றும் அடுத்தடுத்தவை. இரண்டாம் ஆண்டுத் தேர்வு நடந்ததாக அதில் இருந்த தேதியைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் அவன் எங்கள் நிலையத்திலேயே காவல்பணியில் இருந்தான். பணிப்பட்டியலில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். பட்டியலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊரில் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள் சார்" என்றான்.

அவனுடைய அறிவுக்கு மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் படித்திருந்தால் முதல் வகுப்பில் வந்திருப்பான். விண்ணப்பத்தை அன்று அனுப்பவில்லை, அதனால் வேலையாவது தப்பியது. அனுப்பியிருந்தால், எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரித் தேர்வு வாரியத்தில் அவன் கைப்பட நிரப்பும் தன்விவரப் படிவத்தில் எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டியிருந்திருக்கும்; அதை வைத்துக்கொண்டு, "தேர்வுக்குப் போனபோது எங்கே தங்கினாய்? எத்தனை நாள் விடுப்பு எடுத்தாய்?" என்று நேர்காணல் அதிகாரி சாதாரணமாகக் கேட்டிருப்பார். தேர்வாகிவிட்டாலும் சான்றிதழின் உண்மைத்தன்மையைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும். பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால் அதிகாரிப் பதவி மட்டுமல்ல, கையில் இருக்கிற வேலையும் போய், வழக்கும் வரும்.

தொலைநிலைக் கல்வியே தவறு என்று நான் சொல்லவில்லை. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டில் அனுமதி தந்திருக்கிறது என்று பட்டியல் வெளியிடுகிறது. நீங்கள் சேரும் ஆண்டில் உங்கள் படிப்பு அதில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். மூன்றாண்டுப் பட்டம் மூன்று ஆண்டுகளில்தான் முடியும், இக்னோவில் ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். தபால் வழி பி.இ. என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொழில்நுட்பப் படிப்பைத் தபால் வழியில் நடத்துவதை உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டிலேயே ஏற்க மறுத்துவிட்டது. சேர்வதற்கு முன் யூனிட்டில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, அதன் நகலை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தேன், பிளஸ் டூ படிக்கவில்லை. விமானி ஆக முடியுமா? (ஓசூர்)

ஏஎஃப்கேட் அறிவிக்கை, பி.இ. படித்தவரிடமும் பிளஸ் டூ அளவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தலா 50 சதவீதம் கேட்கிறது. சி.டி.எஸ். அறிவிக்கையின் வாசகம் வேறு: பிளஸ் டூ அளவில் அவ்விரு பாடங்களோடு பெற்ற பட்டம், அல்லது பொறியியல் பட்டம். உங்களுக்குச் சி.டி.எஸ். வழி திறந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் பருவத்தின் அறிவிக்கையை நீங்களே ஒருமுறை படியுங்கள். அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

மகன் சி.பி.எஸ்.எஸ். தேர்வில் தவறிவிட்டான். அடுத்த முறை எழுதலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். (மதுரை)

அம்மா, அந்தப் பயிற்சியாளரை மாற்றுங்கள். விமானி தகுதியைக் கணினியில் சோதிக்கும் அந்தத் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறியவர் தரைப்பணிப் பிரிவுக்கு முயலலாம். பயணிகள் விமானம் ஓட்டலாம். படையில் விமானி ஆக முடியாது. மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தயாரிப்பில்லாமல் எஸ்.எஸ்.பி.க்குப் போய் அந்த ஒரே வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

தரைப்படையில் சிப்பாயாக ஐந்து ஆண்டுகள் முடித்துவிட்டேன். வயது 24, பிளஸ் டூ மட்டும். இனி வழியே இல்லையா? (சிவகங்கை)

வயதையும் பணிக்காலத்தையும் படிப்பையும் ஒரே வரியில் எழுதியதற்கு நன்றி. விமானப்படையில் இல்லை, உங்கள் படையிலேயே இருக்கிறது. டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ் உங்களைப் போன்றவர்களுக்கென்றே நடப்பது: 20 முதல் 27 வயது, குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி, பிளஸ் டூ. தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் தாண்டினால் மூன்று ஆண்டுகளில் பட்டம். பிறகு இந்திய ராணுவ அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி பெற்று லெப்டினன்ட் ஆகலாம். அதிகாரியான பின் ராணுவ வான்பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்கலாம்; உடல்தகுதியும் விமானி தகுதித் தேர்வும் அங்கேயும் உண்டு; பறக்கப் பழகுவது நாசிக்கில், ஓட்டுவது ஹெலிகாப்டர். சிப்பாயாகச் சேர்ந்தவர் படைச் செலவிலேயே பட்டமும் பெற்று விமானி ஆகும் வழி இது ஒன்றுதான் நேரானது. ஆனாலும் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் மிகச் சிலரே. நாளைக் காலையே உங்கள் யூனிட்டின் கல்வி ஹவில்தாரைப் பாருங்கள்.

மகள் கல்லூரியில் என்.சி.சி. வான்பிரிவில் இருக்கிறாள். பயன் உண்டா? (கரூர்)

உண்டு. வான்பிரிவில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். போர் விமானம் ஓட்டும் பெண்கள் 2016 முதல் விமானப்படையில் இருக்கிறார்கள். மகளின் பட்டத்தில் 60 சதவீதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அணிகிறேன், வயது 18. லேசிக் செய்துகொள்ளலாமா? (தஞ்சாவூர்)

20 வயதுக்கு முன் செய்தால் ஏற்க மாட்டார்கள். செய்த பின்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அக்னிவீர் பணி முடிந்து வரும் பணத்தில் வணிக விமானி உரிமம் வாங்கிவிடலாமா? பட்டம் வேண்டுமா? (சேலம்)

பட்டம் வேண்டாம், கணிதமும் இயற்பியலும் உள்ள பிளஸ் டூ போதும். பணம்தான் போதாது. பணி முடிவில் தரும் சேவா நிதி 11, 12 லட்சம் வரும். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்க 50 லட்சத்துக்குக் குறைந்து ஆகாது. மிச்சத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன், சில ஆயிரம் ரூபாய் செலவழித்து டி.ஜி.சி.ஏ. மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டிய பிறகு நிறக்குருடு என்று தெரிந்த ஒரு வீட்டை நான் அறிவேன்.