காப்பகக் கொடுமைகளிலிருந்து நாம் ஏதாவது கற்றிருக்கிறோமா?

கேள்வி: மனநலம் பாதித்தவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் இடங்களில் பெரிய கொடுமை நடந்து வெளியே வருகிறது, இரண்டு வாரம் பேசுகிறோம், அப்புறம் அடங்கிவிடுகிறது. இதிலிருந்து யாராவது பாடம் கற்றதுண்டா? நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்:

கொஞ்சம் கற்றிருக்கிறோம், முக்கியமானதை விட்டுவிட்டோம். நான் சென்னை ராயபுரம் பக்கம் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தவன், இப்போதும் தண்டையார்பேட்டையில்தான் குடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஏர்வாடி ஞாபகம் இருக்கும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த மனநலக் காப்பகங்களில் ஒன்றில் கொட்டகை பற்றிக்கொண்டது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள், அங்கிருந்தவர்களை அரசுப் பொறுப்பில் எடுத்து ஒரு பகுதியினரை நம் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், நடத்தியவர்களுக்குப் பின்னாளில் சிறைத் தண்டனையும் கிடைத்தது. 2017 மனநலச் சட்டத்தின் 95ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. சரி, இதெல்லாம் பாடம்தான்.

ஆனால் அந்தச் சங்கிலி ரகசியமாக இருந்த ஒன்றா? தர்காவுக்கு வந்துபோன ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள், கட்டிப்போட்ட நிலையில் விட்டுவிட்டுத் திரும்பிய சொந்தக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்று 1987 சட்டம் அப்போதே இருந்தது. யார் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏன் அது நகரவில்லை என்ற கேள்விக்கு நாம் போகவே இல்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான், கட்டடத்துக்குப் பூட்டு போட்டாயிற்று, ஃபைல் முடிந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமம் செய்தியில் வந்தபோதும் அதே கதைதான். உரிமம் இல்லாமலே நடந்திருக்கிறது, 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள், அதுவும் அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போன பிறகு. தேட ஆள் இருந்த ஒருவரால் மற்றவர்கள் தப்பித்தார்கள். ஆள் இல்லாதவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் கொடுமையாலோ கவனிப்பின்மையாலோ இறந்துபோய், போலீஸ், ஆஸ்பத்திரி, கவுன்சில் (அங்கத்திய உள்ளாட்சி) எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்தார்களா என்ற சந்தேகமும் வந்தால், தனியாக ஒரு ஆய்வு நடத்தியே தீர வேண்டும், 2014 பராமரிப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. தண்டனை கொடுப்பது கோர்ட் வேலை, இந்த ஆய்வு அந்தப் பக்கமே போகாது. யாருக்கு எந்தத் தேதியில் என்ன தெரிந்தது என்று வரிசையாக எழுதுவார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தேதி வரிசைதான்.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இந்த மாதிரி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கார்ன்வாலில் ஸ்டீவன் ஹாஸ்கின் என்று ஒருவர், கற்றல் குறைபாடு உள்ளவர், தனியாக ஒரு சின்ன அறையில் இருந்தவர். நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்தவர்கள் அவர் பணத்தைப் பிடுங்கி, நாய் மாதிரி நடத்தி, 2006 ஜூலையில் கொன்றேவிட்டார்கள். அடுத்த வருடம் அறிக்கை வந்தது. தலையிட்டிருக்கக்கூடிய சந்தர்ப்பம் 40க்கு மேல் இருந்திருக்கிறது. போலீசுக்கு ஒரு துண்டு தெரியும், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஒரு துண்டு தெரியும், ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. வாரம் ஒருமுறை வந்த பணியாளரை ‘இனி வேண்டாம்’ என்று ஹாஸ்கினே சொல்லியிருக்கிறார், கவுன்சிலும் ‘அவர் விருப்பம்’ என்று நிறுத்திவிட்டது. யார் சொல்லிக்கொடுத்து அப்படிச் சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குத் தூக்கிப்போட்ட இடம் இதுதான்.

ஏனென்றால் இதை நான் இங்கே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ஆயா, மகன் வீட்டில் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் பிபி மாத்திரை கொண்டுவரும் அக்கா, போன மாத அட்டை பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஓஏபி (முதியோர் ஓய்வூதியம்) பணம் கொண்டுவரும் வங்கி முகவர் மிஷினில் ஆயாவின் கைரேகையை வாங்கிக்கொண்டு பணத்தை வாசலில் நிற்கிற மகன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இட்லிக்கடை அக்காவுக்குப் பகலெல்லாம் வெளியே பூட்டு தொங்குவது தெரியும். கை உடைந்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ‘பாத்ரூம்ல வழுக்கிடுச்சு’ என்று மகன் சொன்னதையே சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். மாத்திரைக்கார அக்கா ஒருமுறை கேட்டும் இருக்கிறார், மகனும் மருமகளும் பக்கத்திலேயே நிற்க ஆயா சொன்ன பதில், ‘நல்லாத்தான் கீறேன் கண்ணு’. அவ்வளவுதான், போய்விட்டார். அவர் கையில் இன்னும் எத்தனையோ வீடு பாக்கி, அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

பொன்னேரியிலிருந்து ஆயாவின் தங்கச்சி வந்து தெருவில் நின்று கத்திய பிறகுதான் கதவு திறந்தது. ஸ்டேஷனில் ‘குடும்ப விஷயம்மா, பேசித் தீத்துக்குங்க’ என்றார்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொன்னபோதுதான் முழுப்படமும் தெரிந்தது, கொடுமை என்னவென்றால் இந்த எல்லோரும் ஒரே தெருவில் தினம் எதிரெதிரே பார்த்துக்கொள்கிறவர்கள். தங்கச்சி கூட்டிக்கொண்டு போய்விட்டார், மகன் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறான், யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை.

அறிக்கை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். பிரிஸ்டல் பக்கம் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை அடித்ததை 2011இல் பிபிசி ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. அதற்கு முன்பே அங்கே வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் புகார் கொடுத்திருந்தார், கண்டுகொள்ளவில்லை. 11 ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, பெரிய அறிக்கை, பெரிய உறுதிமொழி. 2019இல் அதே பிபிசி டர்ஹம் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியில் கேமராவோடு போய் ஏறக்குறைய அதையே எடுத்துக்கொண்டு வந்தது. வசதியும் ஆளும் உள்ள நாட்டிலேயே அப்படி. ஆனாலும் அங்கே எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம், இங்கே டீக்கடைப் பேச்சோடு போய்விடுகிறது.

நாம் என்ன செய்யலாம் என்றால், முதலில் அந்த ஆளிடம் தனியாகப் பேசப் பாருங்கள், வீட்டுக்காரர்களோ காப்பகத்துக்காரர்களோ நிற்கும்போது வரும் பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள். காப்பகமாக இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பதுதான் பார்ப்பது, பிறந்தநாளுக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு போய் போட்டோ எடுப்பதில் ஒன்றும் தெரியாது (நன்கொடை கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்). சந்தேகம் வந்தால் தேதி போட்டு எழுதிவையுங்கள், மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு அதையும் சேருங்கள்.

முதியவர் என்றால் 14567 உதவி எண் இருக்கிறது. 2007 பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்திருந்தால் அந்தப் பத்திரத்தையும் ரத்து செய்யக் கேட்கலாம். மாற்றுத்திறனாளி என்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, யார் வேண்டுமானாலும் நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் கொடுக்கலாம், சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. மனநலம் பாதித்தவர் வீட்டுக்குள்ளேயே கொடுமைப்பட்டால் ஸ்டேஷன் அதிகாரி அதை மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும், 2017 மனநலச் சட்டத்தின் 101ஆவது பிரிவு. ‘குடும்ப விஷயம்’ என்று ஆரம்பித்தால் இந்தப் பிரிவு நம்பரைச் சொல்லுங்கள், எழுத்தில் மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள், பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.