ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளியா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம். என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறிலிருந்து பத்து வரை மொத்தமே நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்தான். இந்த வருடம் கலைத் திருவிழாவில் நாடகத்தில் நடித்தாள். வட்டார அளவில் ஜெயித்து மாவட்டம் வரை போனாள். கோ-கோ ஆடுகிறாள். பள்ளித் தோட்டத்துக்கும் அவள்தான் பொறுப்பு. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அரையாண்டில் கணக்கில் 41 மார்க். "அது என்ன பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று என் மாமியார் கேட்கிறார். டவுனில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. வேன் ஊருக்கே வருகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்களாம். கணவர் லாரி ஓட்டுகிறார், எனக்குத் தையல் வேலை. கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கலாமா? நீங்கள் கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றாதீர்கள். நாடகத்துக்கும் கோ-கோவுக்கும் பயந்து நிச்சயமாக மாற்றாதீர்கள். மாற்ற வேண்டிய காரணம் வேறொன்று இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பண விஷயம். கடன் வாங்குவதற்கு முன்னால் எதெல்லாம் கையை விட்டுப் போகும் என்று பார்த்துவிடுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததைத்தான் பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போனால் இவை இரண்டும் போய்விடும். அப்புறம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வு. குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தொடர்ந்து படிக்க வேண்டும். உங்கள் மகள் விண்ணப்பித்திருக்கிறாளா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கே கேளுங்கள்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. சின்னப் பள்ளியில் ஒரு வருடம் எப்படிப் போகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் நாடகம் போட்டால் எட்டுப் பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அந்த எட்டுப் பேரும் பெரும்பாலும் எல்லா வருடமும் அதே எட்டுப் பேராக இருப்பார்கள். உங்கள் ஊரில் ஒரு வகுப்புக்கு இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். கோ-கோவில் களத்தில் இறங்கவே ஒன்பது பேர் வேண்டும். காலை வழிபாட்டில் குறள் சொல்ல, செய்தி வாசிக்க, ஜூலை 15இல் கல்வி வளர்ச்சி நாளுக்குக் காமராசரைப் பற்றிப் பேச, சுதந்திர தினத்துக்கு அணிவகுத்து நடக்க, வானவில் மன்றத்தின் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்ட, எல்லாவற்றுக்கும் அதே இருபது பேர்தான். வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வந்தே தீரும். ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை, நாடகத்துக்காக வசனத்தைத் திரும்பத் திரும்பப் படித்தே வாசிக்கப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டமும் அப்படித்தான். அங்கே விளையும் முருங்கைக் கீரையும் கறிவேப்பிலையும் சத்துணவுக் கூடத்துக்குப் போகும்போது, தான் வளர்த்ததைத் தன் வகுப்பே சாப்பிடுகிறது என்பது ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கணக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பல வருடம் நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். நான் அறிவியல் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஊர்க் கிணறுகளை எடுத்துக்கொண்டார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் அளந்தார்கள். பெரியவர்கள் யாராவது கூட இல்லாமல் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட கட்டளை.

முதல் மாதமே சண்டை வந்தது. ஒவ்வொருத்தி முழமும் ஒவ்வொரு அளவு. ஒரே கிணற்றுக்கு இரண்டு பேர் இரண்டு ஆழம் சொன்னார்கள். மீட்டர் என்று ஒன்றை உலகம் முழுக்க ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கு வகுப்பில் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை, அவர்களே பேசி முடிவுக்கு வந்தார்கள். முடிச்சுகளை அவிழ்த்து அரை மீட்டருக்கு ஒன்றாக மாற்றிப் போட்டார்கள். அடுத்து, கிணற்றுக் கைப்பிடிச் சுவர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அதை அளந்து கழித்தால்தான் தரையிலிருந்து ஆழம் கிடைக்கும். கழித்தார்கள். பிறகு வரைபடத்தாளில் எக்ஸ் அச்சில் மாதத்தையும் ஒய் அச்சில் ஆழத்தையும் குறித்துக் கோடு போட்டால், மழைக்கு முன்னால் கோடு மேலே ஏறுகிறது. தண்ணீர் கீழே இறங்கும்போது கோடு எப்படி மேலே ஏறும் என்று ஒருத்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் தரையைப் பூஜ்யமாக வைத்து, ஆழத்தைக் குறை எண்ணாகக் கீழ்நோக்கி எழுதினார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் கோடு பூஜ்யத்தை நோக்கி ஏறியது. குறை எண்ணை அவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்தவர்கள்தான். அதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தது அந்த வருடம்தான்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று மொத்தம் 16 மதிப்பெண் இருக்கிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. இதையெல்லாம் கடைசி மூன்று மாதத்தில் மனப்பாடம் செய்ய வைப்பதும் ஒரு வழி. பல பள்ளிகள் அதைத்தான் செய்கின்றன. கிணற்றை அளந்த பிள்ளைக்கு அது தேவைப்படாது.

தனியார் பள்ளியில் ஒன்பதிலேயே பத்தாம் பாடம் ஆரம்பிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு ஆசைப்படாதீர்கள், பயப்படுங்கள். ஆயத்தொலை வடிவியலும் முக்கோணவியலும் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. பத்தில் வருவது அதன் தொடர்ச்சி. கணக்கில் 41 எடுக்கிற பெண்ணுக்குத் தொடக்கத்தை விட்டுவிட்டுத் தொடர்ச்சியை நடத்தினால், பத்தாவதில் தப்பித்தாலும் பதினொன்றில் மாட்டிக்கொள்வாள்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. உங்கள் ஊர்ப் பள்ளி மாதிரிப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர்தான். கலந்தாய்வில் கணக்கு ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை என்றால், ஐந்து வகுப்புக்கும் கணக்கு இல்லை. பெரிய பள்ளியில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், இங்கே ஆளே கிடையாது. ஆசிரியர் இருந்தும் பயிற்சி, தேர்தல் வேலை, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு என்று பாடவேளைகள் போய்க்கொண்டே இருப்பது இன்னொரு பக்கம். ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார்கள். பிள்ளைகளின் படிப்பைத் தின்பது இந்தப் பற்றாக்குறைதான். பழி மட்டும் நாடகத்தின் மேல் விழுகிறது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மகளின் கணக்கு நோட்டை எடுத்து ஜூன் மாதத்திலிருந்து தேதிகளைப் பாருங்கள். கலைத் திருவிழாப் பயிற்சி நடந்த வாரங்களில் மட்டும் இடைவெளி இருந்தால், அந்தப் பாடங்களை மட்டும் திரும்ப நடத்தச் சொல்லி ஆசிரியரிடம் கேட்கலாம். சின்னப் பள்ளியில் கணக்கு ஆசிரியருக்கு உங்கள் மகள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பது தெரிந்திருக்கும். மாதக்கணக்கில் பக்கங்கள் காலியாக இருந்தால் ஆசிரியர் இல்லை, அல்லது வகுப்புக்கு வரமுடியவில்லை என்று அர்த்தம். அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். காலியிடத்துக்கு இந்தக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022இல் அரசு வழி செய்தது. தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான்கு தாய்மார்கள் சேர்ந்து போனால் நடக்கும்.

அதற்குப் பிறகும் ஜூன் மாதம் கணக்கு ஆசிரியர் வரவில்லை என்றால், அதுதான் நான் முதலில் சொன்ன காரணம். அப்போதும் டவுன் வேன் வேண்டாம். பக்கத்தில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில் சேருங்கள். பஸ் பாஸ் இலவசம். சலுகை எதுவும் போகாது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது, ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும், விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுப்பார்கள். மாலையில் சிறப்பு வகுப்பும் இருக்கும். பல நல்ல ஆசிரியர்களும் இதைச் செய்கிறார்கள், தேர்ச்சி விழுக்காடு கேட்டு மேலிருந்து வரும் நெருக்கடி அப்படி. அப்போது பெற்றோர் யாராவது ஒருவர் "வாரத்துக்கு இரண்டு நாளாவது பிள்ளைகளை ஆட விடுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அதற்கு முன்னால் அடுத்த வருடம் குறுவட்டப் போட்டிக்குக் கோ-கோ அணி கிளம்பும்போது, கணக்கு மார்க்கைக் காரணம் சொல்லி அவளை நிறுத்திவிடாதீர்கள்.

நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று தெரிந்தால், எங்கிருந்து தொடங்கலாம் என்று நானும் சொல்கிறேன்.

அன்புடன்