திருகோணமலையில் வீடு கட்டக் கொடுக்கும்போது ஒப்பந்தக்காரரின் ‘சீடா’ பதிவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நிலாவெளியில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டப் போகிறார். ஒரு ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரர்களைப் பதியும் அரச அதிகாரசபையான சீடா கொடுத்த, ‘சி7’ தரம் என்று போட்ட சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் ஊர் மேசன். அவரிடம் ஒரு கடுதாசியும் இல்லை, விலை குறைவு. யாரிடம் கொடுப்பது, அரசாங்கப் பதிவு இருந்தால் பயமில்லையா என்று கேட்கிறார்.

நான் திருகோணமலையில் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கு மதிப்பீடும் பில்லும் எழுதிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பக்கமும் சில நேரம் நிற்பதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சான்றிதழைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

சீடா என்பது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. பழைய ஆட்கள் இன்னும் ‘இக்டாட்’ என்றுதான் சொல்வார்கள், அதன் முன்னைய பெயர் அது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. ஒப்பந்தக்காரர்களைப் பதிந்து தரம் பிரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. சி9 அடித்தட்டு, சி1 பெரியது, அதற்கும் மேலே சி.எஸ். என்று இரண்டு தரம். ஆளின் பணபலம், கையிலுள்ள இயந்திரங்கள், வேலைக்கு வைத்திருக்கும் பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், முன்பு செய்த வேலைகள் இவற்றைப் பார்த்துத் தரம் கொடுக்கிறார்கள். எந்தத் தரத்துக்காரர் எவ்வளவு பெறுமதி வரை ஒரு வேலையை எடுக்கலாம் என்பதுதான் அந்தத் தரத்தின் அடிப்படை. அரச டெண்டர் போடுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது. அரச வேலை 50 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி இன்னொரு பதிவும் வேண்டும். இதெல்லாம் பொதுப் பணத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு.

அதனால் சி7 என்பது ‘நல்ல மேசன்’ என்பதற்கான முத்திரை இல்லை. இந்தக் கம்பனியால் இவ்வளவு பெரிய வேலையைத் தூக்க முடியும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. உங்கள் வீட்டுக்குக் கொங்கிரீட் போடும் அன்றைக்கு யார் நிற்பார் என்பது அதில் இல்லை.

சான்றிதழை இப்படிப் பாருங்கள். முதலில், எந்தப் பிரிவில் அந்தத் தரம்? கட்டிடம், பெருந்தெரு, பாலம், நீர் வழங்கல், நீர்ப்பாசனம் என்று தனித்தனிப் பிரிவுகளுக்குத் தனித்தனித் தரம் கொடுப்பார்கள். பெருந்தெருவில் சி5 இருக்கிறவர் கட்டிடத்தில் சி8 ஆக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் பெரிய எழுத்து மட்டும் கண்ணில் படும், பிரிவு படாது. அடுத்தது காலாவதித் திகதி. பதிவு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியது. பதிவானவர்களின் விபரம் சீடாவின் இணையத்தளத்திலேயே இருக்கிறது, படத்தை நம்பாமல் அங்கே பெயரைத் தேடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: சான்றிதழில் உள்ள பெயரும், உங்களோடு பேசுகிறவரின் பெயரும், காசு போடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா?

இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு. ஒப்பந்தம் கையெழுத்தானது பதிவுள்ள ஒரு கம்பனியின் கடிதத்தாளில். வேலை செய்தது அந்தக் கம்பனியின் ஆட்கள் இல்லை. கம்பனி ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வேலையை இன்னொருவரிடம் தள்ளிவிட்டது, அவர் இன்னொரு மேசனிடம். கடைசியாக வந்த மேசனுக்குக் கிடைத்த கூலியில் ஒழுங்காகக் கட்டவே முடியாது. பிளாட், அதாவது கொங்கிரீட் கூரைத்தளம், போட்ட முதல் மழையிலேயே ஒழுக்கு. கம்பனியைக் கேட்டால், “நாங்கள் கட்டவில்லையே” என்று பதில். கட்டியவரைக் கேட்டால், “எனக்கு உங்களோடு என்ன ஒப்பந்தம்?” என்கிறார். அந்த அம்மா இன்னும் வாளி வைத்துக்கொண்டிருக்கிறா. பதிவை வாடகைக்கு விடுகிற இந்தப் பழக்கத்தை அதிகாரசபை கடுமையாகப் பிடிக்க வேண்டும். பதிவு என்ற ஒன்றை நம்பி வருகிறவரைத்தான் அது முதலில் அடிக்கிறது.

பதிவில்லாத ஒருவரிடம் வீட்டு வேலை கொடுப்பது சட்டவிரோதமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஒழுங்குவிதிகளில் குறிப்பிடப்படும் நிர்மாண வேலைகளைப் பதிவில்லாதவர் எடுக்கக்கூடாது என்கிறது. பெரிய அளவு வேலைகளை மனதில் வைத்து எழுதிய விதி அது. உங்கள் வீடு மாடி வைத்துப் பெரிதாகப் போகிறது என்றால் சீடாவிடமே எழுதிக் கேட்டு விடுங்கள். ஆனால் ஊரில் எழும்பும் சாதாரண வீடுகளில் பெரும்பாலானவை மேசன்மாரின் கையால்தான் எழும்புகின்றன, கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் அப்படித்தான். அந்த மேசன்மாரில் எத்தனையோ பேர் நான் பார்த்த சில பதிவுள்ள கம்பனிகளை விட நேர்மையாக வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது: பல வருட அனுபவம் உள்ள மேசன் வகுப்புக்குப் போகாமலே, செய்முறையில் மதிப்பிடப்பட்டு என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். உங்கள் ஊர் மேசனிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதற்காக அவரைத் தள்ளிவிட வேண்டாம். நாட்கூலியை விட்டுவிட்டுக் கடுதாசி வேலைக்கு அலைய அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. கடைசியாகக் கட்டிய மூன்று நான்கு வீடுகளைக் காட்டச் சொல்லி, உங்கள் ஆட்களை அனுப்பி, அந்த வீட்டுக்காரரோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள். ஒரு மாரி தாண்டிய வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, அப்படியென்றால் உங்களை எது காப்பாற்றும்? என் கணக்கில் முதலாவது, சபையின் அனுமதி. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வருகிறது. தகுதியுள்ள ஒருவர் கையெழுத்திட்ட பிளானைச் சபையில் கொடுத்து அனுமதி எடுக்காமல் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். கடற்கரைக்குப் பக்கம் என்றால் இன்னொரு கதவும் இருக்கிறது: சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டாதே என்று சொன்னது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்தத் தடை பிறகு தளர்ந்ததை வைத்து யாரும் ‘இப்ப ஒன்றும் தேவையில்லை’ என்று சொன்னால் கேட்காதீர்கள். கட்டி முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழ், அதாவது சீ.ஓ.சீ., எடுக்க வேண்டும். பிளானுக்கு மாறாகக் கட்டியிருந்தால் அது கிடைக்காமல் நின்றுவிடும். இந்தச் சான்றிதழ் வந்த பிறகுதான் கடைசிப் பங்கு காசு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், ஒப்பந்தக்காரர் தானாகவே பிளானைப் பார்த்துக் கட்டுவார்.

இரண்டாவது, காசு போகும் ஒழுங்கு. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியோடு நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். மொத்தமாகக் கொடுக்கவில்லை, அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததைப் பார்த்து வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே போட்டார்கள். ஒரு ஒப்பந்தக்காரரையும் முன்பின் கண்டிராத பெண்கள் தாங்களே சீமெந்து வாங்கி, மேசனைப் பிடித்து வீட்டை முடித்தார்கள். அதே ஒழுங்கை நீங்களும் வையுங்கள். முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கட்டத்துக்கான காசு. அரச வேலைகளில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறைபாட்டுக் காலம், அதாவது வேலையில் தெரியும் பிழைகளை ஒப்பந்தக்காரர் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம், முடிந்த பிறகுதான் விடுவார்கள். வீட்டு வேலைக்கும் ஐந்து வீதத்தை ஒரு வருடம், அதாவது ஒரு மாரி கழியும் வரை, பிடித்துவைக்கலாம். ஒழுங்கான ஒப்பந்தக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

மூன்றாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், ஒப்பந்தக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஊரில் இருக்கிறார்கள், வருகைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. கொங்கிரீட் விழுந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் முந்தின நாள் என்கிறேன்.

அவர் பார்க்க வேண்டியவை: கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டைகளான கவர் புளொக்கைக் கம்பிக்குக் கீழே வைத்திருக்கிறதா? பல இடங்களில் கம்பி பலகையிலேயே கிடக்கும், ‘போடும்போது தூக்கிவிடுவோம்’ என்பார்கள், தூக்க மாட்டார்கள். நிலாவெளியில் உப்புக்காற்று. கம்பிக்கு மூடல் போதாவிட்டால் சில வருடத்திலேயே துரு பிடித்து, கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பியை நிறுத்துப் பார்க்கலாம்: 10 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 3.7 கிலோ, 12 மில்லிமீற்றர் என்றால் 5.3 கிலோ. நன்றாகக் குறைந்தால் அது மெலிந்த கம்பி. இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். இலக்கம், கம்பியில் எஸ்.எல்.எஸ். 375, சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். 107 அல்லது 1247 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கடற்கரைக் கிணறு சவர் என்றால் அந்தத் தண்ணீரில் கொங்கிரீட் குழைக்கவே விடக்கூடாது, பவுசரில் நல்ல தண்ணீர் இறக்குங்கள். மணலை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய மேசன்மாரைக் கண்டிருக்கிறேன். உப்புக் கரித்தால் லொறியைத் திருப்பி அனுப்பி விடுவார்கள். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

போடும் அன்று கலவையில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி ஊற்றுவதுதான் பெரிய கேடு. இழுக்கச் சுகமாக இருக்கும், பலம் போய்விடும். பிறகு நனைப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பிளாட் போட்டால் மத்தியானத்துக்குள் மேற்பரப்பு காய்ந்து கோடு கோடாக வெடித்துவிடும். சாக்கை நனைத்துப் போட்டு, அல்லது சுற்றிவர வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது ஏழு நாளாவது ஈரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். இதை அப்பாவே மேற்பார்வை பார்க்கலாம். காலையும் மாலையும் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள், ‘தெரிந்த பொடியன்தானே’ என்பார்கள். தெரிந்தவர் என்றால் இன்னும் கட்டாயம் எழுதுங்கள். இலங்கையில் எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம்தான். வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஒப்பந்தத்தில் ஆளின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிளானின் பிரதி, எந்தப் பொருள் எந்தத் தரம், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு காசு, வேலையை வேறொருவருக்குக் கைமாற்றக்கூடாது என்ற ஒரு வரி, இவை இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம், இரண்டு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

பிணக்கு வந்துவிட்டால் நேரே பொலிசுக்கு ஓடாதீர்கள். வேலை சரியில்லை என்பது பெரும்பாலும் குடியியல் விடயம், அவர்கள் எழுதி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தொகை சின்னது என்றால் மத்தியஸ்த சபை முதலில். வழக்குப் போக முன்னர் அங்கே போய் வரவேண்டிய பிணக்குகள் நிறைய, பல அங்கேயே தீர்ந்தும் விடுகின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் அதற்கு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சீடாவில் பதிந்தவர் என்றால் அங்கேயும் எழுதுங்கள், பதிவு இலக்கத்தைக் குறிப்பிட்டு. பதிவை அடுத்த முறை புதுப்பிக்கப் போகிறவருக்கு அந்தக் கடிதம் உறுத்தும்.

உங்கள் இரண்டு பேரில் யார் என்று கேட்டீர்கள். சி7காரரிடம், “யாருடைய ஆட்கள் வேலை செய்வார்கள், தளத்தில் தினமும் யார் நிற்பார்?” என்று கேட்டு, பதிலைப் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். மேசனிடம், கட்டம் கட்டமாகக் காசு வாங்கவும் வெளியாள் ஒருவர் வந்து பார்க்கவும் சம்மதமா என்று கேளுங்கள். மாடி இல்லாத வீடு, மேசனுக்குச் சம்மதம் என்றால் நான் மேசனிடம்தான் கொடுப்பேன். மாடி வைக்கப் போகிறீர்கள் என்றால், பெயரும் கணக்கும் ஒத்து வந்தால் மட்டும் சி7காரரிடம். எதுவானாலும் மாரிக்கு முன்னர் கூரை ஏற வேண்டும், அதனால் பங்குனிக்குள் அனுமதி கையில் இருக்கிற மாதிரிப் பிளானை இப்போதே சபையில் கொடுத்துவிடுங்கள்.