401கே வரம்பை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிரப்பிவிடலாமா?

401கே என்பது அமெரிக்காவில் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் திட்டம்; அதன் ஆண்டு வரம்பைத் தொடக்கத்திலேயே நிரப்பலாம். ஆனால் உங்கள் பங்குக்கு ஈடாக நிறுவனம் போடும் தொகை கைநழுவக்கூடும், அதை முதலில் பாருங்கள். 2025க்கான ஊழியர் வரம்பு 23,500 டாலராக இருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அந்த ஆண்டு கூடுதலாக 7,500 போட முடிந்தது.

அந்த 2025 வரம்பையே கொண்டு பார்ப்போம்: ஆண்டுச் சம்பளம் 1,20,000, மாதம் இருமுறை 5,000 என்று வையுங்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் 5% வரை நிறுவனம் சமமாகப் போடுகிறது, அதாவது 250. நீங்கள் 40% பிடிக்கச் சொன்னால் 12ஆவது சம்பளத்தோடு வரம்பு முடிந்துவிடும். மீதி 12 சம்பளங்களில் உங்கள் பங்கு பூஜ்யம், நிறுவனத்தின் பங்கும் பூஜ்யம்: 3,000 டாலர் போச்சு. 20% வைத்தால் கடைசிச் சம்பளம்வரை முழுதாகக் கிடைக்கும். சில திட்டங்களில் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து விடுபட்டதை ஈடுசெய்யும் 'ட்ரூ-அப்' உண்டு. திட்ட ஆவணத்தில் அது இருந்தால் மட்டும் அவசரப்படுங்கள்.

நடுவில் வேலை மாறினால் இன்னும் கவனம் வேண்டும். வரம்பு ஆளுக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல. பழைய இடத்தில் பிடித்தது புது இடத்துக்குத் தானாகத் தெரியாது. சம்பளப் பிரிவிடம் நீங்களே சொல்லுங்கள். வரம்பை மீறிப் போட்டதை அடுத்த ஏப்ரல் 15க்குள் திரும்ப எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இருமுறை வரி.

வரம்பைத் தொட்ட பிறகும் மிச்சம் பிடிக்க முடிந்தால், வரி கட்டிய பணத்தைக் கூடுதலாகப் போட்டு ராத்துக்கு (வரி கட்டிய பணத்தைப் போட்டு, பின்னர் விதிப்படி எடுக்கும்போது வரி இல்லாத கணக்கு) மாற்றத் திட்டம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். 50 வயதுக்குட்பட்டோருக்கு உங்கள் பங்கு, நிறுவனப் பங்கு எல்லாம் சேர்த்து 2025இல் உச்சவரம்பு 70,000 ஆக இருந்தது.