வாசகர் கேள்வி பதில்: பாட்டை ஏற்றமுதல் பணம் வரும் வழியைப் பாருங்கள்

சொந்தமாகப் பாட்டுச் செய்து இணையத்தில் விற்கவும் பகிரவும் விரும்புவோரின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஆறு பாட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை முடித்துவிட்டோம். இறுவட்டை இனி யாரும் வாங்கமாட்டார்கள், பான்ட்காம்பில் போடுங்கள் என்று லண்டனில் இருக்கும் மாமி சொல்கிறா. எப்படித் தொடங்குவது?
– கோண்டாவில் வாசகர்

பதில்: மாமி சொல்வது சரி. ஆனால் கணக்குத் திறக்கமுதல் மாமியிடமே ஒரு உதவி கேட்க வேண்டிவரலாம். கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரே விற்கும் இணையத்தளமான பான்ட்காம்ப், விற்பனைப் பணத்தைப் பேபால் என்ற இணையப் பணச் சேவைக் கணக்குக்குத்தான் அனுப்பும். இலங்கைப் பேபால் கணக்குகளோ நீண்ட காலமாகப் பணம் கட்ட மட்டுமே உதவின; வாங்க உதவவில்லை. உங்கள் கணக்கில் பணம் பெறும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மாமியின் பேபால் மின்னஞ்சலைக் கொடுக்கலாம். சொந்தத்துக்குள் காசு புழங்கினால் கதையும் புழங்கும். ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது, வங்கிக் கட்டணம் யார் தலையில் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தப் பணம் அங்கே மாமியின் வருமானமாக எண்ணப்படக்கூடும். மாதாந்த விற்பனைப் பட்டியலை அவவுக்கு அனுப்பிவையுங்கள். வெளிநாட்டு முகவரி ஒன்றைப் போட்டு நீங்களே பேபால் திறக்கும் தந்திரம் மட்டும் வேண்டாம். அடையாள ஆவணம் கேட்கும் நாளில் கணக்கு முடங்கும், உள்ளே இருக்கும் காசோடு சேர்த்து.

இனி பாட்டுக்கு வருவோம். கலையகத்தில் எம்பி3 வாங்கிக்கொண்டு வந்திருந்தால் திரும்பப் போய் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு கேளுங்கள்: 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். பான்ட்காம்ப் வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக் மூன்றையும் ஏற்கும். வாங்குபவர் தனக்கு வேண்டிய வடிவத்தில் இறக்கிக்கொள்வார். எம்பி3ஐ வேவ் ஆக மாற்றி ஏற்றினால் ஏற்றத்தான் முடியும், போன ஒலி திரும்பாது. அட்டைப்படம் சதுரமாக, குறைந்தது 1400க்கு 1400 பிக்சல். எப்படியும் 3000க்கு 3000 ஆகச் செய்துவிடுங்கள். பிறகு ஸ்பொட்டிஃபைக்கும் அதுவே உதவும்.

விலை வைக்கும்போது பாட்டுக்கு 1 டொலர் என்பதைவிடத் தொகுப்புக்கு 5 டொலர் என்பதே நல்லது. பணம் செலுத்தும் சேவை ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு நிலையான தொகையை எடுப்பதால் ஒற்றை டொலரில் மிஞ்சுவது கொஞ்சம். விரும்பினால் கூடுதலாகவும் கொடுக்கலாம் என்ற தெரிவைக் கட்டாயம் திறந்துவையுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் 5 டொலர் தொகுப்புக்கு 20 கொடுக்க விரும்பும்போது வழியை நாமே அடைத்துவைக்கக் கூடாது.

பான்ட்காம்ப் எடுக்கும் பங்கு 15 சதவீதம். 12 மாதத்தில் 5,000 டொலரைத் தாண்டினால் 10 ஆகக் குறையும். இந்தப் பங்கை அது சில்லறையாகக் கழிக்காமல் கடனாக எழுதிவரும். 5 டொலர் விற்பனைக்கு 75 சதம் வீதம் சேர்ந்து, ஏழாவது விற்பனை அளவில் கடன் 5 டொலரைத் தாண்டும்போது ஒரு விற்பனை முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும். "பாட்டு விற்றிருக்கிறது, காசு வரவில்லை" என்று பதறுவோர் பலரின் கதை இதுதான்.

2020 மார்ச்சில் தொடங்கிய பான்ட்காம்ப் வெள்ளி என்ற நாள்களில் அந்தப் பங்கையும் அது எடுப்பதில்லை. எல்லா வெள்ளியும் அல்ல. திகதிகளை அவர்களே அறிவிப்பார்கள். கணக்கு அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி. ஆகவே நமக்கு வெள்ளி மதியம் 12.30க்கோ, அங்கே குளிர்கால நேரமென்றால் 1.30க்கோ தொடங்கி மறுநாள் அதே நேரம் முடியும். வெள்ளி காலையிலேயே வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் வாங்குகிறவர்கள் அவசரப்பட்டுப் பங்கோடு வாங்கிவிடுவார்கள்.

உள்ளூரில் வங்கி அட்டை இல்லாதவர்களுக்கு, பாட்டை இறக்கிக்கொள்ள உதவும் குறியீட்டை அச்சிட்டுக் கொடுங்கள். பான்ட்காம்ப் கணக்கிலேயே குறியீடுகளை உருவாக்கலாம். சிறு அட்டையில் அச்சடித்து, கச்சேரி முடிந்ததும் ரூபாயில் விற்றால் பேபால் சிக்கலே இல்லை.

கேள்வி: என் முதல் பாட்டு ஸ்பொட்டிஃபையில் அதே பெயருள்ள வேறொரு பாடகரின் பக்கத்தில் போய் நிற்கிறது. யாரிடம் முறையிடுவது?
– வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: முதலில் உங்கள் விநியோகச் சேவையிடம். ஸ்பொட்டிஃபைக்கு நாம் நேரே பாட்டைக் கொடுப்பதில்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் போன்ற ஒருவர்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஏற்றும்போது "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நீங்களா?" என்று கேட்டிருக்கும். "புதிய கலைஞர்" என்பதைத் தெரிவுசெய்யாமல் கடந்து போயிருப்பீர்கள். இப்போது உதவிப் பிரிவுக்கு எழுதி, பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி இலக்கத்தையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாள எண்) தவறான பக்கத்தின் இணைப்பையும் கொடுங்கள்.

அடுத்த பாட்டுக்கு முன் பெயரைத் தனித்துவமாக்குங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தோ ஊரோ சேர்ந்தால் போதும். ஆங்கில எழுத்தில் ஒருமுறை ஒரு "ஏ", மறுமுறை இரண்டு "ஏ" என்று மாற்றி எழுதினால் நீங்களே இரண்டு பேராகிவிடுவீர்கள். வெளியீட்டுத் திகதியை நான்கு கிழமை தள்ளிவைத்தால் இதையெல்லாம் திருத்த அவகாசம் இருக்கும். ஸ்பொட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்கவும் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன் பாட்டு அங்கே இருக்க வேண்டும்.

கேள்வி: நாதஸ்வர, தவில் மேளத்தைப் பதிவுசெய்து ஏற்றினோம். மற்றப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் எங்களுடையது மெலிந்து கேட்கிறது. கலையகத்தில் காதைப் பிளந்தது!
– இணுவில் வாசகர்

பதில்: குற்றம் தவிலின் தொப்பியில், அதாவது குச்சியால் அடிக்கும் பக்கத்தில். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் சராசரி −14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதைக் கூட்டும், ஆனால் உச்சம் −1 டெசிபலைத் தாண்டாத அளவுக்கு மட்டும். உங்கள் பதிவில் தவிலடி −1 இல் முட்டிக்கொண்டு, சராசரி −20 இல் கிடக்கிறது என்று வையுங்கள். கூட்ட இடமே இல்லை, அப்படியே விட்டுவிடும்.

நாதஸ்வரத்தைத் தொடாமல், தவில் தடத்தில் மட்டும் லிமிட்டரால் (உச்சத்தை மட்டுப்படுத்தும் கருவி) 3, 4 டெசிபல் உச்சத்தைத் தட்டிவிட்டு முழுக் கலவையை அதே அளவு உயர்த்தச் சொல்லுங்கள். சராசரி −16 வந்தாலே போதும். −14 வரவேண்டும் என்று நசுக்கினால் தனியாவர்த்தனத்தில் அடிக்கும் அடிக்கும் வித்தியாசம் செத்துவிடும். இரண்டு வாத்தியமும் ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால் இது முடியாது. அடுத்த முறை தனித்தனி மைக், தனித்தனித் தடம்.

40 நிமிட வாசிப்பை ஒரே தடமாக விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பான்ட்காம்பில் விடுங்கள். ஸ்பொட்டிஃபையில் 30 விநாடி கேட்டாலே ஒரு கேட்பாகக் கணக்கு. 40 நிமிடம் கேட்டாலும் அதே ஒன்றுதான். ஆலாபனை, கீர்த்தனை, தனி என்று இயல்பாக நிற்கும் இடங்களில் பிரியுங்கள்.

கேள்வி: யூரியூப்பில் "இலவசம்" என்று போட்டிருந்த பீட்டை (பின்னணித் தாள இசை) எடுத்து ராப் பாடினேன். எல்லா இடத்திலும் பதிப்புரிமைக் கோரிக்கை வருகிறது.
– சாவகச்சேரி வாசகர்

பதில்: தம்பி, அந்த "இலவசம்" பெரும்பாலும் காசு உழைக்காத பாட்டுக்கு மட்டும். விளக்கக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். உரிமம் வாங்கினாலும் அது பலருக்கும் விற்கப்படும் வகையென்றால் உங்கள் பாட்டை யூரியூப்பின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வரும் காணொளிகளைத் தானே கண்டுபிடித்து உரிமை கோரும் முறை) பதியாதீர்கள். பதிந்தால் அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாட்டுகளில் உங்கள் பெயரில் கோரிக்கை விழும், அவர்கள் திருப்பி முறையிடுவார்கள். விநியோகச் சேவையில் அந்தப் பெட்டியில் டிக் போடாமல் விடுவதே தீர்வு.

கேள்வி: விநியோகச் சேவை 30 சதவீதம் வரி கழிக்கிறது. தவிர்க்கலாமா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: குறைக்கலாம். அது அமெரிக்காவில் கேட்கப்பட்டதற்கான பங்கில் மட்டும் கழிக்கும் வரி. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது; அதன்படி உரிமத்தொகைக்கு 10 சதவீதம்தான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கம் எடுத்து, சேவைக்குள் இருக்கும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் அதைக் கொடுத்து ஒப்பந்தச் சலுகையைக் கோருங்கள். இலக்கத்துக்குரிய கட்டத்தை வெறுமையாக விடுவதால்தான் பலருக்கு 30 விழுகிறது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு முடிவில் படிவம் காலாவதியாகும். பணத்தைப் பேயொனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக உள்ளூர் வங்கிக்கு எடுக்கலாம்; உங்கள் சேவை அதைத் தருகிறதா என்று சேரமுதல் பாருங்கள்.

கேள்வி: ஆண்டுச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டுகள் போய்விடுமா?
– மானிப்பாய் வாசகர்

பதில்: டிஸ்ட்ரோகிட்டில் போய்விடும், நிரந்தரமாக வைக்கத் தனிக் கட்டணம். சிடி பேபி ஒருமுறைக் கட்டணமும் 9 சதவீதமும் எடுக்கும். ரூட்நோட்டின் இலவசத் திட்டம் 15 சதவீதம் எடுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு பாட்டு விடுகிறவருக்கு ஆண்டுச் சந்தா நட்டம். மாறும்போது பழைய ஐ.எஸ்.ஆர்.சி இலக்கங்களையே புதிய இடத்திலும் கொடுங்கள். இல்லாவிட்டால் கேட்புக் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

கேள்வி: 10,000 கேட்பு எடுத்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். ஓராண்டில் 1,000 கேட்பு இல்லாவிட்டால் ஸ்பொட்டிஃபை பணமே தராதாமே?
– உரும்பிராய் வாசகர்

பதில்: 1,000 கணக்கு உண்மை, 2024 முதல் அப்படி. காசுக்கு வாங்கும் கேட்பு அதில் சேராது. போலி என்று தெரிந்தால் ஸ்பொட்டிஃபை விநியோகச் சேவைக்கு அபராதம் போடும். சேவை அதை உங்கள் தலையில் கட்டி, பாட்டையும் இறக்கும்.

கேள்வி: பாபநாசம் சிவன் கீர்த்தனையைப் பாடி விற்கலாமா? தியாகராஜர்?
– நல்லூர் வாசகர்

பதில்: தியாகராஜர் 1847இல் மறைந்தவர், தாராளமாகப் பாடுங்கள். சிவன் மறைந்தது 1973இல். இந்தியச் சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்கில் 2033 முடிவு வரையும், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தின் 70 ஆண்டுக் கணக்கில் 2043 முடிவு வரையும் உரிமை நிற்கும். அனுமதி எடுங்கள். தியாகராஜருக்கும் ஒரு கவனம்: கீர்த்தனை பொதுச்சொத்து, ஆனால் இன்னொருவர் பாடிய ஒலிப்பதிவோ அதிலிருந்து பிரித்தெடுத்த மிருதங்கமோ பொதுச்சொத்து அல்ல. பக்கவாத்தியத்தை உங்கள் ஆட்களை வைத்தே வாசித்துப் பதியுங்கள்.