கறந்துகொண்டே விற்கலாமா? பால் பண்ணை விற்பனை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பண்ணையை விற்க வேண்டும், எப்படி விற்பது? சில கடிதங்கள் வாங்க நினைப்பவர்களிடமிருந்து. மாட்டுக்கு வைத்தியம் கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வருகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 63. மனைவிக்கு மூட்டு வலி, குனிந்து நிமிர முடியவில்லை. 40 கறவை மாடுகள், கன்றுகள், கிடாரிகள், கறவை இயந்திரம், பால் குளிரூட்டும் தொட்டி, இரண்டு வீடு, மூன்று கொட்டகை, சுற்றிலும் நிலம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், திரும்பி வர மாட்டார்கள். எல்லாவற்றையும் அப்படியே ஒருவர் கையில் கொடுத்துவிட ஆசை. ஆனால் தரகர், "முதலில் மாட்டை விற்றுவிடுங்கள், காலி இடம் என்றால் காட்டுவது சுலபம்" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை, காட்டுவது சுலபம்தான், ஆனால் அந்தச் சுலபம் அவருக்கு. மாடு வண்டியேறிப் போன மறுநாள் உங்கள் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். கறவை இயந்திரம் சும்மா கிடந்தால் ரப்பர் காய்ந்து விறைக்கும், குழாயில் தேங்கிய ஈரம் நாறும், கொட்டகைத் தரையின் வெடிப்பில் புல் எட்டிப் பார்க்கும். பால் எடுக்க வரும் வண்டி வேறு வழிக்குத் திரும்பிவிடும், அதைத் திரும்ப வரவழைப்பது லேசில்லை. வருமானம் அன்றோடு நிற்கும், கடன் தவணையும் மின்கட்டணமும் நிற்காது. ஆறு மாதம் கழித்து வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது பண்ணையாகவா தெரியும்? நாலு பழைய கட்டடமாகத்தான் தெரியும், விலையும் அதற்கேற்றபடிதான் கேட்பார்.

ஆனால் ஒன்று. உங்கள் நிலம் வளரும் ஊரை ஒட்டி இருந்து, மண்ணுக்கே பெரிய விலை கிடைக்கும் என்றால் தரகர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வீடு கட்ட வாங்குகிறவருக்கு உங்கள் கொட்டகை ஒரு சுமை, இடித்து அள்ளும் செலவைக்கூட உங்கள் தலையில் வைத்துத்தான் பேசுவார். அதனால் முதலில் ஒரு தாளில் இரண்டு கணக்கு போடுங்கள். ஓடுகிற பண்ணையாக மொத்தமாகக் கொடுத்தால் என்ன வரும் என்பது ஒன்று. நிலம், வீடு, மாடு, இயந்திரம், தீவனம் என்று பிரித்து விற்றால் என்ன வரும், அதில் கொட்டகையைப் பூஜ்யமாக வைத்து, விற்று முடியும்வரை வருமானம் இல்லாத மாதங்களையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்பது இன்னொன்று. இரண்டாவது கணக்கு கணிசமாகக் கூட வந்தால் ஒழிய மாட்டின் மேல் கை வைக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், காலம் பார்ப்பது. நல்ல நேரம் கெட்ட நேரம் சொல்லவில்லை, ஈற்றுக் கணக்கைச் சொல்கிறேன். கன்று ஈன்று 6 முதல் 8 வாரத்தில் மாடு உச்சத்தில் கறக்கும், பிறகு மெல்ல இறங்கும், சுமார் 10 மாதம் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன் 2 மாதம் வற்றவிடுகிறோம். உங்கள் 40 மாட்டில் பாதி ஒரே சமயத்தில் வற்றிக் கிடக்கும் மாதத்தில் ஆளைக் கூட்டி வந்து காட்டினால், அவர் தொட்டியில் இருக்கும் பாலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். எது எப்போது ஈனும் என்று குறித்து வைத்திருப்பீர்களே, அதைப் பார்த்துக் காட்டும் மாதத்தை முடிவு செய்யுங்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. "விற்கத்தானே போகிறோம்" என்று சினை ஊசி போடுவதை நிறுத்திவிடுவார்கள். பண்ணை விற்க மாதக்கணக்கில் ஆகும், வருடமும் ஆகலாம். சினைக்காலம் சுமார் 280 நாள். இன்று நிறுத்தியதன் பலன் ஒன்பது மாதம் கழித்துத் தெரியும், கொட்டகையில் ஒரு மாடும் ஈனாது, இருப்பதெல்லாம் கறவை இறங்கியவை, விலை பேச ஆள் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் நாள்வரை, இந்தப் பண்ணையை நீங்களே இன்னும் பத்து வருடம் நடத்தப்போவதாக நினைத்து நடத்துங்கள்.

மாட்டுப் பட்டியல் ஒன்று எழுதி வையுங்கள். காது வில்லை எண், எத்தனையாவது ஈற்று, கடைசியாக ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள், இப்போது எவ்வளவு கறக்கிறது, மடியில் ஏதாவது வந்து போயிருக்கிறதா. ஏழு மாதச் சினையில் வற்றி நிற்கும் மாடு பார்வைக்கு வெறும் செலவு, ஆனால் இரண்டு மாதம் சொச்சத்தில் அதுதான் கொட்டகையின் ராணி. தாளில் தேதி இருந்தால்தான் அது வாங்குகிறவருக்குப் புரியும். ஒரு காம்பு செத்த மாடு இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அவரே கண்டுபிடித்தால் மீதி 39 மாட்டையும் சந்தேகப்படுவார்.

கேள்வி: கறவை இயந்திரம், ஜெனரேட்டர், புல் நறுக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் வாங்கிய பில் வைத்திருக்கிறேன். வந்தவர் எல்லாம் சேர்த்து இரும்பு விலை கேட்கிறார். எதை வைத்து விலை சொல்வது?

பதில்: பில் நீங்கள் கொடுத்த பணத்துக்குச் சாட்சி, அவர் கொடுக்கப்போவதற்கு இல்லை. அதற்காக இரும்பு விலைக்கும் கொடுக்க வேண்டாம். இயந்திரத்துக்கு விலை ஓடிக் காட்டும்போதுதான் வரும். காலையில் பால் தொட்டிக்குள் இறங்கும்போது மாட்டின் உடம்புச் சூட்டை ஒட்டி இருக்கும், அது 4 டிகிரிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அவரையே கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடத் தொட்டி நன்றாகக் குளிர வைத்தால் அவரால் வாயைத் திறக்க முடியாது.

சின்னச் சின்னதை மாற்றிவிட்டுக் காட்டுங்கள். காம்பில் மாட்டும் கிண்ணத்தின் உள் ரப்பரைச் சுமார் 2500 கறவைக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். 40 மாடு, 8 கிண்ணத் தொகுதி (ஒரு மாட்டின் நாலு காம்புக்கும் மாட்டுகிற நாலு கிண்ணம் சேர்ந்தது ஒரு தொகுதி), தினம் இரண்டு வேளை என்றால் ஒரு தொகுதி நாளைக்குப் பத்து மாட்டுக்குப் போகிறது, 250 நாளில் கணக்கு முடிந்துவிடும். விஷயம் தெரிந்தவர் வந்தால் முதலில் அந்த ரப்பருக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக வெடித்திருந்தால், இவ்வளவு சின்னதையே மாற்றாதவர் பம்புக்கு எண்ணெய் விட்டிருப்பாரா என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இன்னொன்று, இதில் நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் பண்ணையை விற்றபோது குளிரூட்டும் தொட்டியையும் சேர்த்து விலை பேசிவிட்டேன். கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பு மனைவி பழைய பெட்டியைக் குடைந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அந்தத் தொட்டி என்னுடையதே இல்லை, பால் வாங்கியவர்கள் உபயோகத்துக்குக் கொடுத்து வைத்தது. பதினோரு வருடம் தினமும் கழுவியதில் அது என்னுடையது என்றே ஆகிவிட்டிருக்கிறது! வாங்க வந்தவர் நல்ல மனிதர், சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார். எனவே பட்டியல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரில் சொந்தமா, வாடகையா, கடனில் இருக்கிறதா, மானியத்தில் வாங்கி இத்தனை வருடம் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று எழுதிவிடுங்கள்.

மொத்த விலை ஒன்றைப் பேசி முடித்தாலும், ஒப்பந்தத்தில் நிலம், கட்டடம், மாடு, இயந்திரம், தீவன இருப்பு என்று பிரித்தே எழுதச் சொல்லுங்கள். பல நாடுகளில் இவற்றுக்கு வரி வேறு வேறு மாதிரி விழுகிறது. எப்படிப் பிரித்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க் கணக்கரிடம் கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்குகிற பக்கம். கணவரும் நானும் இயங்கும் பண்ணை ஒன்றைப் பார்க்கப் போகிறோம். போனால் எதைப் பார்ப்பது? எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரிகிறது.

பதில்: அம்மா, மத்தியான வேளையில் போனால் எல்லாப் பண்ணையும் நன்றாகத்தான் இருக்கும், மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். காலைக் கறவைக்கு அரை மணி முன்பே வருவதாகச் சொல்லுங்கள், கடைசி மாடு வெளியே போகும்வரை நில்லுங்கள். மாடு தானாக நடந்து கறவை இடத்துக்கு வருகிறதா, அடித்து ஓட்டுகிறார்களா? கறந்து முடிந்ததும் பால் வடிகட்டியைக் கழற்றுவார்கள், அதைக் காட்டச் சொல்லுங்கள். தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருந்தால் எங்கோ மடிநோய் இருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் வாயால் சொல்லாததை அந்த வடிகட்டி சொல்லிவிடும்.

பிறகு பால் பணம் வாங்கிய சீட்டுகள், 12 மாதத்துக்கு. ஒரு நல்ல மாதத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். பாலில் உடல் செல் எண்ணிக்கை (மடிநோய் வந்தால் இது ஏறும்) பார்த்த அறிக்கை இருந்தால் அதையும் கேளுங்கள், ஆரோக்கியமான மடி என்றால் ஒரு மில்லிக்கு 2 லட்சத்துக்குள் இருக்கும். கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸுக்கு ரத்தப் பரிசோதனை, காசநோய்க்குத் தோல் பரிசோதனை, இரண்டும் உங்கள் மருத்துவர் வந்து செய்ய வேண்டும். தோல் பரிசோதனையில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத்தான் வீக்கத்தை அளப்பார்கள், எனவே ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நோயுமே மனிதருக்கும் தொற்றக்கூடியவை, விலை குறைகிறது என்று இதில் சமரசம் வேண்டாம்.

தண்ணீரை ஆண்டின் வறண்ட மாதத்தில் பாருங்கள். கறவை மாடு குடிப்பதே நாளைக்கு 60 லிட்டருக்குக் குறையாது, வெயிலில் 100-ஐத் தாண்டும், கழுவும் தண்ணீர் தனி. மழை பெய்த மறுவாரம் கிணற்றைக் காட்டி விற்பவர்கள் உண்டு.

பழைய கொட்டகைக் கூரை ஆஸ்பெஸ்டாஸா என்று கேளுங்கள். அதைக் கழற்றி அப்புறப்படுத்தப் பல நாடுகளில் தனி விதி இருக்கிறது, செலவும் அதிகம். சாணக்கழிவுக் குழிக்குப் பக்கத்தில் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள், கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளையே கொன்றுவிடும். ஒரே நாளில் இரண்டு பண்ணை பார்ப்பதாக இருந்தால் செருப்பையும் உடையையும் மாற்றிக்கொண்டு போங்கள், கோமாரி அப்படியும் பரவும். விற்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், வருகிறவர் கோபித்தாலும் சரி, கிருமிநாசினியில் காலை நனைக்காமல் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வீட்டில் பெரியதை எங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விற்க நினைக்கிறோம். பிறந்து வளர்ந்த வீடு, விட மனசில்லை. சரியா?

பதில்: மனசு புரிகிறது. ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அந்த வீட்டுக்குப் போகும் பாதை யாருடைய நிலத்தில் போகிறது? தண்ணீரும் மின்சாரமும் எந்த மோட்டாரிலிருந்து, எந்த மீட்டரிலிருந்து வருகிறது? கழிவுநீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? இவை எல்லாம் இத்தனை நாள் ஒரே குடும்பத்துக்குள் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. நாளைக்கு வேலியின் இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர். அளந்து, வரைபடம் போட்டு, வழி உரிமையைப் பத்திரத்தில் ஏற்றாமல் பிரிக்காதீர்கள்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதிகாலையில் கறவைக்குப் போக வேண்டியவருக்குக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுதான் வேண்டும், கன்று ஈனும் ராத்திரியில் நாலு தடவை எழுந்து பார்க்க வேண்டும். கொட்டகையை ஒட்டியது பெரிய வீடு என்றால், அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் பண்ணையின் விலையே இறங்கும். சின்ன வீட்டை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அதில் வேலையாள் குடும்பம் இருந்தால், அவர்களிடம் விற்பனைச் செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர்களைத் தக்கவைப்பது புதியவருக்கும் லாபம். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் சுரந்தால் பாலை இறக்கும் ஆக்சிடோசின் வேலை செய்யாது, அதனால் ஆள் மாறினாலே கறவை குறைந்துவிடும். பழகிய கை ஒரு மாதம் கூட இருந்தால் அது தெரியாமலே போகும்.

இன்னும் ஒன்று. இத்தனை வருடம் பண்ணை நடத்திய உங்களால், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொருவர் நடத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? என்னால் முடியாது என்று தெரிந்துதான் நான் வேறு ஊருக்குப் போனேன்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, கைமாற இரண்டு மாதம் இருக்கிறது. நடுவில் பிறக்கும் கன்று யாருக்கு? கடைசி நாள் பால் யாருக்கு?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியபடி. எழுதவில்லையா? இன்றைக்கே ஒரு துணைத்தாள் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறக்கும் கன்று தாயோடு போகும் என்று வைத்துக்கொள்வது சண்டையில்லாத வழி, செத்துப்போகும் மாட்டுக்கு எவ்வளவு கழிப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள். சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) குழியில் இருப்பதைக் கைமாறும் நாளில் நீள அகல உயரம் அளந்து கணக்கிடலாம், கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பு வேண்டாம். பாலுக்கு நாள் போதாது, வேளையும் எழுதுங்கள். காலைக் கறவை உங்களுடையது, வண்டி வந்து எடுத்துப் போனதும் தொட்டியைக் கழுவிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். மாலைக் கறவையிலிருந்து அவருடையது. அந்த முதல் மாலை நீங்களும் கூட நின்று எந்த மாடு இடது பக்கம் உதைக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் அவர் மறக்க மாட்டார்.